மயில்துத்த வாளியில் மாண்ட காவலர்கள்

16.11.2025, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் 10.20 மணி
பொருள் எண் 3: பாக்டீரியா வளர்ப்புக் கூடத்தை மூடும் தீர்மானம்

காய்கறி உழவர் சங்கத் தலைவர் பூபதி அவர்களே! ஆலத்தூர் நாட்டிலிருந்தும் திண்ணனூர் நாட்டிலிருந்தும் அடைமழையில் நனைந்து வந்திருக்கும் பெரியோர்களே! களைக்கொட்டைக் கீழே வைத்துவிட்டு வந்த தாய்மார்களே! வணங்குகிறேன். வாழ்த்தத்தான் வாய் வரவில்லை.

தீர்மானத்தில், வாடல் நோயில் செத்த தக்காளியைக் காளியண்ணன் நட்டது செப்டம்பர் ஐந்து என்று எழுதியிருக்கிறீர்கள். பிழை! நான்காம் தேதி, வியாழக்கிழமை.

என்ன சொன்னீர்கள்? “ஒரு நாள்தானுங்களே” என்றா? ஐயா, ஒரு நொடியில் ஒரு வாளிக்குள் கோடி உயிர்களைக் கொன்றவர்கள் நாம்!

சூடோமோனாஸ் என்னும் நல்ல பாக்டீரியாவை, கூடத்தை நடத்தும் யமுனாவும் அவர் குழுப் பெண்களும் வளர்த்து, தூளில் சேர்த்து, பையில் தந்தார்கள். அதன் கரைசலில் நாற்றின் வேரை நனைத்து நட்டால், வாடல் நோய் நெருங்குமுன் வேரைச் சூழ்ந்து காவல் நிற்கும். ராமாயி தோட்டத்தில் நின்றது. அப்பாசாமி தோட்டத்தில் நின்றது. காளியண்ணன் தோட்டத்தில் மட்டும் ஏன் நிற்கவில்லை?

அவரையே கேட்டேன். “மருந்துன்னாங்க, வாங்கினேனுங்க. ஒண்ணுக்கு ரெண்டா இருந்தா நல்லாக் கேக்குமேன்னு மயில்துத்தத்தையும் அதே வாளியில கலக்கிப்புட்டேனுங்க” என்றார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள்! அந்த வாளி இல்லாத வீடு இந்த மலையில் எது? நோய்க்கிருமியைக் கொல்லும் துத்தம் நல்ல கிருமியை மட்டும் கொஞ்சிக்கொண்டா இருக்கும்? காவலுக்கு வந்தவனை வாசலிலேயே கொன்றோம். களவு போன பிறகு, காவலன் தூங்கினான் என்று தீர்மானம் எழுதுகிறோம்!

கொல்வதையும் மருந்து என்றோம். வாழ்வதையும் மருந்து என்றோம். வேற்றுமையைச் சொல்லித்தர யமுனா பயிற்சிக்கு அழைத்தாரே, போனவர் யார்? “பொம்பளைக என்னத்தச் சொல்லித்தரப் போறாளுக?” என்று கேட்டது இதே அவைதானே?

நேற்று யமுனா என்னிடம் சொன்னார்: “கூடத்தைச் சாத்தட்டுமுங்க ஐயா. தையில கத்திரி வாடிப்போச்சுன்னு எங்க ஊட்டுக் கதவைத் தட்டாம இருக்கச் சொல்லுங்க.”

பின்வரிசையில் ஓர் அம்மா கேட்கிறார்: “ஏனுங்க, மருந்துன்னு சொல்லாம வேற என்னன்னுதான் சொல்றது?”

உயிர் என்று சொல்லுங்கள், தாயே! உயிர் என்று சொல்லியிருந்தால், அதைக் காளியண்ணன் துத்தத்தில் போட்டிருப்பாரா?

இருந்து கேட்டவர்களுக்கு நன்றி. இடையிலே எழுந்து போனவர்களுக்கும் என் வணக்கம் போய்ச் சேரட்டும்.

தலைவர் மேசைமீது நான் வைத்துச் செல்பவை: வேரோடு பிடுங்கிய காளியண்ணனின் தக்காளிச் செடி, யமுனா தந்த பை, பிரிக்காதது, தேதி திருத்திய தீர்மானம், என் கையெழுத்து இல்லாதது.