மேல் முறிக்கு ரெண்டு சாயா

— ரெண்டு சாயா எதுக்கு மாடத்தியக்கா? மேல் முறியில, அந்த மாடி ரூம்ல, நான் ஒரு ஆள்தானே இருக்கேன்!

— என்ன மக்கா, அடுக்களைக்குள்ள வந்து சண்டைக்கு நிக்க? அடுப்பு எரியுது, தள்ளி நில்லு. வார்டன் லோகாம்பாள் டீச்சர்தான சொன்னாவ, ‘மாடத்தி, மேல் முறியில அவங்க இருக்காங்க, அவங்களுக்கு சாயா கொடு’ன்னு. நான் ரெண்டு பேருன்னுல்லா நெனச்சேன்.

— அய்யே! அவங்கன்னு சொன்னது என்னைத்தான்.

— உன்னையா? படிக்க வந்த சின்னப்பிள்ளைக்கு அம்புட்டு மரியாதையா?

— மரியாதை ஒண்ணும் இல்லைக்கா. ‘அவன்’னாலும் எனக்கு ஒட்டலை, ‘அவள்’னாலும் ஒட்டலை. கோவிந்த்ங்கற பேரையே பாதியா வெட்டி கோவின்னு வெச்சிருக்கேன். அதான் காலேஜ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க, கோவியை ‘அவங்க’ன்னு சொல்லணும்னு.

— நல்ல கூத்து! அப்போ மக்கான்னு கூப்பிடலாமா, அதுவும் கூடாதா?

— மக்கா நல்லாருக்கு. அதை விட்றாதீங்க.

— அப்பாடா. சரி, மொகம் ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு?

— நீங்க தினம் கீழ்ப்படியில ரெண்டு கிளாஸ் வெக்கறதைப் பார்த்துட்டு, மேல வெளியாள் தங்கறதா யாரோ பிரின்சிபால்கிட்ட போட்டுக் கொடுத்துட்டாங்க. நாளைக்குக் கமிட்டி வருது. அது நிஜம்னு ஆச்சுன்னா முறி போச்சு, கேட்டோ. திரும்பவும் பாய்ஸ் ஹாஸ்டலுக்குத்தான் போகணும். அங்க எனக்கு என்னெல்லாம் பண்ணினாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

— தெரியாம என்ன? மழையில கட்டிலோட தூக்கி முத்தத்துல போட்டானுவோளே, பாவிப் பயலுவோ.

— அதான் கெஞ்சறேன். நாளைக்குக் கேட்டா, நான்தான் தப்பாப் புரிஞ்சுகிட்டேன், மேல ஒரு ஆள்தான்னு சொல்லிடுங்க.

— சொல்லிட்டாப் போச்சு. எனக்கு வெவரம் பத்தலன்னு சொல்லுதேன், அதுல என்ன கொறஞ்சா போயிருவேன்? ஆனா ஒண்ணு கேக்கேன். இத்தன நாளும் ரெண்டு சாயாவையும் நீயேவா குடிச்ச?

— இல்லையே. ஒண்ணுக்கு மேல குடிச்சா எனக்கு உறக்கம் வராது. மத்ததை அப்படியே ஜன்னல்ல வெச்சிடுவேன்.

— ரெண்டு கிளாசும் காலியால்லா வருது.

— நான் உறங்கறப்போ நீங்க வந்து கழுவி வெக்கறீங்கன்னு நெனச்சேன்.

— நானா? என் முட்டுக்கு அந்த மரப்படி ஏற முடியுமா? கீழ்ப்படியோட சரி நான். கழுவியா இருக்கும்?

— ஆமா. கழுவிக் கவுத்து வெச்சிருக்கும். மேல ஒரு கிராம்பு.

— கிராம்பா?

— சாயாவுல நீங்க போடறீங்களே, அதுதான். அதை எடுத்துத் துடைச்சு, கவுத்தின கிளாஸ் மேல... அக்கா? சாயா பொங்குது, பாருங்க!

— பொங்கட்டும். கிளாசுக்கு மேலயா இருக்கும் கிராம்பு?

— ஆமாங்கறேனே. ஏன் இப்படிப் பார்க்கறீங்க?

— லதா அப்படித்தான் வைப்பா.

— எந்த லதா?

— ஸ்வர்ணலதா. நீ வாரதுக்கு முந்தி இங்க படிச்ச பிள்ள. பையன்னு சொல்லித்தான் சேத்தாவ, அவ அந்த ஆம்பளப் பேர விட்டுட்டு ஸ்வர்ணலதாங்கா. பயலுவளுக்கு நடுவுல படுக்க பயமா இருக்கு, அந்த மேல் முறியக் குடுங்கன்னு நடையா நடந்தா. அப்போ அதுல ஒடஞ்ச பெஞ்சு கெடந்துது. ஒடஞ்ச பெஞ்சுக்கு எடம் உண்டு, அவளுக்கு இல்லன்னுட்டாவ.

— அப்புறம்?

— சாயங்காலம் ஆனா இங்க வந்து உக்காந்துதான் சாயா குடிப்பா. கிராம்பத் திங்கவும் மாட்டா, தூரப் போடவும் மாட்டா. ஒரு நாள் குடிச்சிட்டு, கிளாசக் கழுவிக் கவுத்திட்டுப் போனா. மட்டாஞ்சேரி படகுத்துறையில செருப்பு ரெண்டும் கெடந்துது. ஆளக் கெடைக்கவே இல்ல. இன்னைக்கும் என் வயிறு எரியுது மக்கா.

— செருப்பா?

— ஆமா. ஏன், என்ன?

— அக்கா, என் முறிக்குத் தாழ்ப்பாள் கிடையாது, தெரியுமா? போன வாரம் பாய்ஸ் ஹாஸ்டல்லேர்ந்து நாலு பேர் வந்து கதவை இடிச்சானுங்க. தோள் கொடுத்துத் தள்ளினானுங்க. கதவு அசையலை. மழையில ஊறி இறுகிப் போச்சுன்னுதான் நெனச்சேன். அவனுங்க போனப்புறம் ஒரு விரல் வெச்சேன், அது பாட்டுக்குத் திறந்துகிச்சு.

— எங்கம்மா!

— கதவுக்கு உள்பக்கம், தரைப் பலகையில ஈரமா ரெண்டு பாதத் தடம். யாரோ கதவுக்கு முதுகு கொடுத்து நின்ன மாதிரி. என்னோட காலாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன். ஆனா நான் செருப்பு போட்டிருந்தேன்க்கா.

— நீ இன்னைக்கு மேல போகாண்டாம். இங்க என்கூடப் படு.

— இல்லைக்கா, போகணும்.

— சொன்னாக் கேக்க மாட்டியே! சரி, நாளைக்கு நான் சத்தியம் பண்ணியே சொல்லுதேன், மேல ஒரு ஆள்தான், வேற யாருமே கெடையாதுன்னு. முறி உனக்குத்தான், போ.

— வேண்டாம். அப்படிச் சொல்லாதீங்க.

— இப்பந்தான அதுக்குக் கால்ல விழாத கொறையா நின்ன!

— யாருமே இல்லைன்னு சொன்னா, லதாவை ரெண்டாவது தடவையும் வெளிய தள்ளின மாதிரி ஆயிடும். எனக்காகக் கதவைப் பிடிச்சு நின்னவளை நான் எப்படி இல்லைன்னு சொல்லச் சொல்லுவேன்?

— ரெண்டு பேருன்னு சொன்னா உன்னையும்லா தள்ளிருவாவ! நான் என்னத்தத்தான் சொல்ல?

— அந்த ரெண்டு சாயாவையும் கொடுங்க, நான் கொண்டு போறேன். நாளைக்குக் கமிட்டி கேட்டா, டீச்சர் சொல்லித் தந்ததை மாத்தாம அப்படியே சொல்லுங்க. ‘மேல் முறியில அவங்க இருக்காங்க.’