இடப்பக்க மூக்குத்தி

ராமுத்தாய்: இது யாரு மூஞ்சின்னு கேக்குறேன்.

வீரபாண்டி: அட்டை, ராமுத்தாயி. வெறும் அட்டை. மழையில பூஞ்சை பிடிச்சு, வாயனசாலையில ஒரு புஸ்தகத்துக்கும் மேலட்டை இல்ல. நான்தான் ஞாயித்துக்கெழம உக்காந்து, புதுசா ஒட்டி, படம் போட்டு...

ராமுத்தாய்: படத்துல இருக்குறவ யாரு, அண்ணே?

வீரபாண்டி: அண்ணேங்காத. உங்க ஆத்தா எங்கப்பனுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி. நான் உனக்கு மொறை.

ராமுத்தாய்: சரிங்கண்ணே. யாரு?

வீரபாண்டி: ...பொதுவா ஒரு பொம்பள.

ராமுத்தாய்: பொதுவா ஒரு பொம்பளைக்குத் தாவாக்கட்டை நடுவுல வெட்டுக்காயம் இருக்குமா?

வீரபாண்டி: அது... படம் அடிக்கிற தகரம் பிசகிருச்சு.

ராமுத்தாய்: கவாத்துக் கத்தி பட்டு எனக்கு இருக்குற அதே எடத்துல பிசகுச்சாக்கும்?

வீரபாண்டி: அது என்ன புஸ்தகம்னு பாத்தியா?

ராமுத்தாய்: ‘மாடுகளுக்கு வரும் கோமாரி நோய்.’

வீரபாண்டி: அப்ப மாட்டு டாக்டர் சம்சாரமா இருக்கும்.

ராமுத்தாய்: ‘கிணறு வெட்டும் முறைகள்’ல?

வீரபாண்டி: தண்ணி எடுக்க வந்தவ.

ராமுத்தாய்: அல்ஜீப்ராவுல?

வீரபாண்டி: ...கணக்கு டீச்சர்.

ராமுத்தாய்: ‘திருக்கொச்சி பஸ் நேரங்கள்’ல?

வீரபாண்டி: பஸ்ஸுக்கு நிக்கிறா.

ராமுத்தாய்: திருக்கொச்சியே போயி கேரளம் வந்தாச்சு. இவ இன்னுமா நிக்கிறா?

வீரபாண்டி: பஸ் வரலையே...

ராமுத்தாய்: சிரிக்காதீங்க! பதினேழு புஸ்தகம். பதினேழுலயும் நான். சின்னக்கானல் முழுக்கச் சிரிக்குது. கங்காணி சூசையப்பன் கோமாரிய மூணு தடவ படிச்சுட்டாரு. தேயிலைக் கொளுந்து நிறுக்குற எடத்துல வச்சு, “ஏத்தா, நீ எந்தப் பக்கத்துல வர்ற?”ன்னு கேக்குறாரு.

வீரபாண்டி: நல்லதுதானே. முன்னாடி அத ஒருத்தரும் தொடமாட்டாங்க. இப்ப, அடுத்த பக்கத்துல அவ வருவா, அடுத்த பக்கத்துல வருவான்னு கடைசிவரை படிக்கிறாங்க. குளம்பு அழுகுற எடத்துல பக்கத்து வீட்டு அன்னாளு அழுதே போட்டா.

ராமுத்தாய்: நேத்து சாந்தன்பாறையில இருந்து என்னயப் பொண்ணு பாக்க வந்தாக.

வீரபாண்டி: ...ம்.

ராமுத்தாய்: மாப்பிள்ளைக்கு ஏலக்காத் தோட்டத்துல மேஸ்திரி வேலை.

வீரபாண்டி: ...நல்ல வேலைதான்.

ராமுத்தாய்: என்னயப் பாத்தாரு. தன் கையில இருந்த புஸ்தகத்தப் பாத்தாரு. மறுபடி என்னயப் பாத்தாரு. “இந்தப் பொண்ணுக்குக் கோமாரியா?”ன்னு கேட்டாரு.

வீரபாண்டி: படிக்கத் தெரியுமா அவனுக்கு?

ராமுத்தாய்: தலைப்பு மட்டும் தெரியும்போல. அவுக ஆத்தா எந்திரிச்சவதான். பஜ்ஜியக்கூடத் தொடல.

வீரபாண்டி: போயிட்டாங்களா?

ராமுத்தாய்: போயிட்டாக.

வீரபாண்டி: முழுசாவா?

ராமுத்தாய்: முழுசா. சந்தோசமா?

வீரபாண்டி: சேச்சே...

ராமுத்தாய்: எங்கப்பா யூனியன்ல எழுதிக் குடுக்கப் போறாரு. வாயனசாலைச் சாவிய உங்ககிட்ட இருந்து பிடுங்கிருவாங்க. அதுக்குள்ள ஒழுங்கா ஒத்துக்கங்க. இது நான்தானே?

வீரபாண்டி: நீ இல்ல. உனக்கு மூக்குத்தி வலப்பக்கம். இவளுக்கு இடப்பக்கம். இந்த ஒண்ணு போதாதா? எந்தக் கோர்ட்டுலயும் சொல்லுவேன்.

ராமுத்தாய்: நீங்க அடியில போட்டு உக்காந்திருக்கீங்களே, அந்தத் தகரத்த எடுங்க.

வீரபாண்டி: எந்தத் தகரம்? ஓ... இது பாக்டரித் தகரம். தேயிலைப் பொட்டியில வச்சு, மை தடவி நம்பர் அடிக்கிறதுக்கு.

ராமுத்தாய்: நம்பருக்குக் கண்ணு காதெல்லாம் வெட்டி வச்சிருக்கு! குடுங்க இங்குட்டு. இப்பத் திருப்பிப் பிடிக்கிறேன். மூக்குத்தி எந்தப் பக்கம்?

வீரபாண்டி: கையில மை ஒட்டும், கீழ வையி.

ராமுத்தாய்: எந்தப் பக்கம் அண்ணே?

வீரபாண்டி: ...வலப்பக்கம். தகரத்தப் பொரட்டி வச்சு அடிச்சுட்டேன். பதினேழுலயும்.

ராமுத்தாய்: அப்ப நான்தான்.

வீரபாண்டி: நீதான். இன்னொண்ணும் சொல்லிர்றேன், அடிக்காத. மூணு மாசம் முன்னாடி பாக்டரியில ஒரே அவசரம். நம்பர்த் தகரம்னு நெனச்சு, இத எடுத்து நாப்பது பொட்டியில அடிச்சுட்டேன்.

ராமுத்தாய்: என் மூஞ்சியவா? பொட்டி இப்ப எங்க இருக்கு?

வீரபாண்டி: கப்பல் ஏறிச் சீமைக்குப் போயிருச்சு.

ராமுத்தாய்: அய்யய்யோ!

வீரபாண்டி: அங்குட்டு இருந்து கடுதாசி வந்திருக்கு. அந்தப் பொம்பளத் தேயில இன்னும் நூறு பொட்டி வேணுமாம். எந்தப் பொம்பளன்னு துரை தலையப் பிச்சுக்கிறாரு. என்னயக் கூப்பிட்டுக் கேட்டாரு.

ராமுத்தாய்: என்ன சொன்னீங்க?

வீரபாண்டி: மாட்டு டாக்டர் சம்சாரம்னு சொன்னேன்.

ராமுத்தாய்: எதுக்கு இம்புட்டும் பண்ணீங்க?

வீரபாண்டி: நீ வாயனசாலைப் பக்கமே வாரதில்ல. உன் மூஞ்சியப் பாத்தா, என்னன்னு கேக்கவாவது வருவ. அப்பச் சொல்லலாம்னு...

ராமுத்தாய்: என்னத்த?

வீரபாண்டி: உன்னய எனக்குப் புடிச்சிருக்கு. ரெண்டு வருசமா. வாயில வரல... தகரத்துல வந்துருச்சு. பண்ணது தப்புதான். சாவிய நானே குடுத்துர்றேன். பதினேழையும் கிழிச்சுப் போடுறேன். நாளைக்குச் சாந்தன்பாறைக்குப் போயி, உனக்குக் கோமாரி இல்லன்னு அந்த ஆளுகிட்டச் சொல்றேன். வேற என்ன செய்ய?

ராமுத்தாய்: அங்க ஒண்ணும் போகவேணாம்.

வீரபாண்டி: உன் வாழ்க்கையக் கெடுத்துட்டு நான் எப்படிச் சும்மா... ஆமா, ஒரு சந்தேகம்.

ராமுத்தாய்: என்ன?

வீரபாண்டி: கோமாரியச் சூசையப்பன் வியாழக்கெழமையே திருப்பிக் குடுத்துட்டாரு. நான்தான் அலமாரியில வச்சேன். அப்புறம் ஒருத்தரும் எடுக்கல. அது எப்படி உங்க லயத்து வீட்டுக்கு, மாப்பிள்ளை கைக்கு வந்துச்சு?

ராமுத்தாய்: மழை வரும்போல இருக்கு. நான் வாரேன்.

வீரபாண்டி: ராமுத்தாயி... எப்படி வந்துச்சு?

ராமுத்தாய்: காப்பித் தட்டுல வச்சு நான்தான் நீட்டுனேன். பதினேழுல எதக் கண்டா அவுக ஓடுவாகன்னு நீங்க பூட்டாமப் போனப்ப வந்து ஒவ்வொண்ணாப் பாத்து எடுத்தேன். வேற எப்படி அவுகள அனுப்ப? ...அட்டை ஒண்ணையும் கிழிக்காதீங்க. இனிமே அடிக்கிறதுல மட்டும் தகரத்த நேராப் பிடிங்க, மச்சான். எனக்கு மூக்குத்தி வலப்பக்கம்.