ஒரே அலைதான் எழுதியிருக்கீங்க

கதவ ஒடச்சிடலாம்னு போன்ல சொன்னீங்க இல்ல, படி ஏறி வரப்பவே காதுல விழுந்துடுச்சி சார். வேணாம். அது மட்டும் வேணாம். உள்ள இருக்கறது எங்க அம்மா. தைலம்மா. நான் எழிலரசி, ஒரே பொண்ணு, இப்ப. சிதம்பரத்துலேருந்து பஸ்ஸ புடிச்சி ஓடியாறேன்.

ஒங்க படத்துல நடிக்க வந்த பாப்பாவுக்கு ஒண்ணும் ஆவாது சார், அத நான் சொல்றேன். வராண்டா ஜன்னல் வழியா பாத்துட்டுத்தான் வந்தேன். ஒங்க டேங்கர் லாரி தண்ணியில நனஞ்ச தலைய முந்தானையால தொவட்டிக்கிட்டு ஒக்காந்திருக்குது எங்க அம்மா. பாப்பா கையில முறுக்கு இருக்குது. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுல வாங்கியிருக்கும். அழுவுது, ஆமா, இல்லன்னு சொல்லல. அதோட அம்மா கீழ ரெண்டு தடவ மயங்கி விழுந்துட்டாங்கன்னும் தெரியும். போலீசு வரட்டும். ஆனா கதவ மட்டும் இடிக்க வுடாதீங்க.

ஏன்னா, இடிக்கிற சத்தம் உள்ள எப்பிடிக் கேக்கும்? செவுத்துல தண்ணி மோதுற மாதிரி கேக்கும். கேட்டா அம்மா கீழ எறங்காது சார், மேல ஏறும். ரூமுக்குள்ளாறவே மொட்ட மாடிக்கு இரும்பு ஏணி போவுது. அங்கேருந்து வாட்டர் டேங்குக்கு இன்னொரு ஏணி, துருப்புடிச்சி பாதி கழண்டு நிக்குது. புயலுக்கு ஏறி நிக்கன்னு கவர்மெண்டு கட்டிக் குடுத்த மாடி, அப்புறம் யாரு வந்து பாத்தாங்க? பாப்பாவ இடுப்புல வச்சிக்கிட்டு அதுல ஏறுச்சின்னா என்னா ஆவும், நீங்களே சொல்லுங்க.

நானா? நான் கூப்பிட்டா வராது சார். அத அப்புறம் சொல்றேன்.

பைத்தியம்லாம் இல்ல. காலைல என்கூடதான் இட்லி தின்னுச்சி. பஞ்சாயத்துல நீங்க வந்து பேசுனப்ப நானும் இருந்தேன். கோயிலாண்ட, கடைசியா, பொம்பளைங்க பக்கம். சுனாமி படம் எடுக்கறோம், மைக்ல கத்துவோம், யாரும் பயப்படாதீங்கன்னு சொன்னீங்க. தாங்கமாட்டோம்னு நெனைக்கறவங்க அன்னிக்கு ஒரு நாளு வெளியூர் போயிடுங்கன்னு சடையப்பன் மாமாவும் வீடு வீடா வந்து சொல்லிட்டுப் போனாரு. அதுல ஒங்க மேல தப்பு இல்ல. நேத்தே அம்மாவ சிதம்பரத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டேன். ஸ்கேன் சென்டர்ல ரிப்போர்ட்டு டைப் அடிக்கிற வேலை எனக்கு, அங்கயே ரூம் எடுத்துத் தங்கியிருக்கேன். நான் வேலைக்குப் போனதும், வானம் மூடிக்கிட்டு வருதே, காயப்போட்ட கருவாடு நனஞ்சிடுமேன்னு இது பஸ் ஏறிடுச்சி. ரெண்டு கூடை நெத்திலி சார். அதுக்குத்தான் வந்துச்சி.

கடலூர் முதுநகர்ல எறங்கி, ஷேர் ஆட்டோவுல வந்து, ரோட்டுலேருந்து நடந்து வருது. அப்பத்தான் மைக்ல அந்தக் கொரலு. நடிக்கிறவரு கத்துனா டூப்பு மாதிரி இருக்குதுன்னு டைரக்டரு சொன்னாராம், எங்க ஊரு ஆளையே புடிச்சி, சுனாமி அன்னிக்குக் கத்துனத அப்பிடியே கத்தச் சொன்னீங்களாம். கடலு உள்ள வந்துடுச்சி, ஓடுங்க. அதே வார்த்தை. அதே ஆளு. அம்மா கருவாட்டப் பாக்கல, வூட்டப் பாக்கல. பக்கத்துல நின்ன கொழந்தைய வாரிக்கிட்டு ஓடுச்சி. நீங்கல்லாம் நடிக்க வந்த பொம்பளைன்னு நெனச்சி கை தட்டுனீங்களாமே? கேமரா ஓடிக்கிட்டே இருந்துச்சாமே? அந்த ஷாட்ட வச்சிக்குவீங்களா சார்?

கோவமில்ல. கேட்டேன், அவ்ளோதான்.

பஞ்சாயத்துலயே வேற ஒண்ணு கேக்க நெனச்சேன். வாய் வரைக்கும் வந்துச்சி. அத்தினி ஆம்பளைங்க முன்னாடி எனக்குப் பேச்சு வராது. இப்ப கேக்கறேன். ஒங்க படத்துல அலை எத்தினி?

ஒண்ணுதானே. தெரியும். தென்னமர ஒசரத்துக்கு செவுரு மாதிரி எழுந்து நிக்கும், ஈரோ அதையே பாத்துக்கிட்டு நிப்பாரு. கீழ பச்சைத் துணி கட்டியிருக்கீங்களே, அங்கதான் கம்ப்யூட்டர்ல வரைவீங்களாம். அது வந்து எல்லாத்தையும் அடிச்சிட்டுப் போயிடும், ஒடனே பாட்டு. நானும் இந்த மாதிரி படமெல்லாம் போன்ல பாத்திருக்கேன் சார், எல்லாத்துலயும் ஒரே அலைதான். மிச்சம் இருக்கறவங்க முடிய விரிச்சிப் போட்டு மாருல அடிச்சிக்குவாங்க. போன வாரம் நடிக்க ஆளு எடுக்க வந்த ஒங்க ஆளு, எங்க பெரியம்மா, மங்கலம்னு பேரு, அதோட மூஞ்சியில சேத்தப் பூசிட்டு, இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி அழுங்கம்மான்னு சொன்னாராம். அதுக்கு ரெண்டு புள்ளைங்க போச்சி அன்னிக்கு. அழவே இல்ல சார் அது. எங்கேருந்தோ லாரியில வந்த பழைய துணி மலை மாதிரி கெடந்துச்சி, அதுலேருந்து யாரோ ஒரு ஆம்பளை கோட்ட எடுத்துக் குடுத்தாங்க. எங்கள தங்க வச்சிருந்த கல்யாண மண்டபத்துல மூணு நாளு அதப் போட்டுக்கிட்டு, பட்டன போடறதும் கழட்டறதுமா ஒக்காந்திருந்துச்சி. ஒங்க ஆளுகிட்ட பெரியம்மா இத சொல்லுச்சாம். ஆடியன்ஸுக்குப் புரியாதும்மான்னுட்டாராம்.

அய்யோ, யாரு சார் அது தட்டறது? நிறுத்தச் சொல்லுங்க. அண்ணே, நிறுத்துங்கண்ணே! கேக்குதா ஒங்களுக்கு? உள்ள ஏணி கிரீச்சுங்குது. ஏறுது. பேசாதீங்க, யாரும் பேசாதீங்க.

நின்னுடுச்சி. எறங்கிடுச்சின்னு நெனைக்கறேன். பாப்பா சத்தம் கிட்டக்க கேக்குது. அந்த அண்ணன கீழ போவச் சொல்லுங்க சார், கும்புடறேன்.

சரி. சொல்லிடறேன். எங்களுக்கு வந்தது ஒண்ணு இல்ல. மொதல்ல வந்தது இடுப்பளவுதான். நீலமா இல்ல, கறுப்பா, டீசல் நாத்தத்தோட, அடுப்புல சோறு பொங்கி வழியற மாதிரி ஏறி வந்துச்சி. வலையெல்லாம் வாரிக்கிட்டு வந்து, அப்பிடியே வடிஞ்சிடுச்சி. வடிஞ்சிதுன்னா, கண்ணுக்கெட்டுன தூரம் கடலே இல்ல. வெறும் சேறு. அந்தச் சேத்துல மீனு துள்ளுது. வேற ஊரு ஆளா இருந்தா பயந்து ஓடியிருப்பாங்க. நாங்க மீனுக்காரங்க ஆச்சே. கூடைய எடுத்துக்கிட்டு உள்ள எறங்குனோம். ஞாயித்துக்கெழமை வேற. சிரிச்சிக்கிட்டே எறங்குனாங்க சார், ஒருத்தர ஒருத்தரு கேலி பண்ணிக்கிட்டு. நீ புடிக்கிற மீனு ஒனக்கே பத்தாதுடா மச்சான்னு ஒருத்தரு சொன்னது இன்னும் என் காதுல கெடக்குது.

ரெண்டாவதுதான் ஊர எடுத்துக்கிட்டுப் போச்சி.

அதான் சொல்றேன், எங்க அம்மா இப்ப எறங்காது. அதுக்கு இன்னும் ரெண்டாவது வரல. ரெண்டாயிரத்துப் பன்னெண்டுல ஒரு தடவ சுனாமி அலர்ட்டு விட்டாங்க. ஒண்ணும் இல்லன்னு டிவியிலயே சொல்லியாச்சி, ஊரே எறங்கிடுச்சி. இது மறுநாளு வெயில் ஏறுனப்புறந்தான் இந்த மாடிய விட்டு வந்துச்சி. அதுவரைக்கும் அந்தப் பாப்பா தாங்காது, அதோட அம்மாவும் தாங்காது, அது எனக்குத் தெரியாதா?

திரும்பத் திரும்ப அதையே கேக்கறீங்களே. பெத்த பொண்ணு நீ, தண்ணி வடிஞ்சிடுச்சி வாம்மான்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதான்னு.

சொல்லியிருக்கேன் சார். ஒரு தடவ.

எட்டு வயசு எனக்கு. மொத தண்ணி வந்தப்ப நான் கோயில் மதில்ல தொத்திக்கிட்டேன். அம்மா தங்கச்சிய இடுப்புல வச்சிக்கிட்டு ஐஸ் கம்பெனி மாடிக்கு ஏறிடுச்சி. தங்கச்சிக்கு நாலு வயசு. தில்லையம்மான்னு வச்சது, தில்லைன்னு கூப்புடுவோம். ஒங்க பாப்பா மாதிரியே கிராப்பு வெட்டியிருக்கும். தண்ணி வடிஞ்சதும் நான்தான் ஓடிப்போயி ஐஸ் கம்பெனி வாசல்ல நின்னு கத்துனேன். தண்ணி வடிஞ்சிடுச்சிம்மா, எறங்கி வா, கூடைய எடுத்துக்கிட்டு வா, கரையெல்லாம் மீனுன்னு. ரெண்டு பேரும் எறங்கி வந்தாங்க.

அம்மா என்னை இன்னி வரைக்கும் ஒரு வார்த்தை கேட்டதில்ல சார்.

அந்த மைக்க குடுங்க. இல்ல, அது இல்ல, கையில வச்சிருக்கீங்களே, கத்தறதுக்கு, அது. எங்க அமுக்கணும்? இங்கயா? சரி.

அம்மா. அம்மா, எழிலு பேசறேன். எறங்காத. கீழ வராத. இன்னொண்ணு வருது. மொத வந்தத விட பெருசா வருதும்மா. பாப்பாவ கெட்டியா புடிச்சிக்க. எறங்காதம்மா!

நானா? நான் இங்கதாம்மா. படியில நிக்கறேன். வெளியதான்.

சார், தள்ளி நில்லுங்க. தாப்பா எடுக்குது. யாரும் கிட்ட வராதீங்க.

ஏம்மா, மெல்ல, கை வலிக்குது. வரேன், வரேன். உள்ளதான் வரேன், இழுக்காத.