முப்பத்தோரு மலர்களும் ஒரு மழைப்பாட்டும்

முப்பத்தோரு ஆண்டுகள் தமிழ் கற்பித்து, முப்பத்தோரு மாணவர் ஆண்டு மலர்களை முகம் சுளிக்காமல் பதிப்பித்து, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் தமிழம்மையே! கோழி கிளறிய கையெழுத்திலும் கவிதை கண்டெடுத்த கண்களே! சிவப்பு மையைச் சிக்கனமாகவும் சிரிப்பைத் தாராளமாகவும் செலவிட்ட செம்மலே! உடன் பணியாற்றிய நாங்கள் வணங்கி வழங்கும் மடல் இது.

உங்கள் பெருமைகளை அடுக்க ஒரு பட்டியல் ஆயத்தமாகவே இருந்தது. ஆனால் இதை வாசிக்கும் எங்கள் கணக்காசிரியர் அதைச் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டார். அவர் சொல்ல வேண்டியது வேறு.

பிள்ளைகள் அவருக்கு இட்ட பெயர் கழுகு. தேர்வறையில் எந்த மூலையில் யார் பார்த்து எழுதினாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. அத்தகையவரிடம்தான், இவ்விழாவுக்காகப் பழைய மலர்களைக் காட்சிக்கு வைக்கும் பொறுப்பைத் தலைமையாசிரியை ஒப்படைத்தார். சரி என்று தலையாட்டினாலும் அவருக்கு உள்ளூர அச்சம்தான்.

அவரும் இதே பள்ளியில் படித்தவர்தான். ஏழாம் வகுப்பில், ஒரு பழைய வார இதழிலிருந்து எட்டு வரி மழைப்பாட்டை அப்படியே பெயர்த்தெழுதி, அடியில் ‘இயற்றியவர்’ என்று கொட்டை எழுத்தில் தம் பெயரைப் போட்டு, உங்கள் மேசையில் வைத்துவிட்டு ஓடியவர். மலர் வெளிவந்த நாளில் வயிற்றுவலி என்று வீட்டில் படுத்துக்கொண்டார். உங்கள் இரண்டாவது மலரான அதை, அன்று முதல் இருபத்தொன்பது ஆண்டுகளாக அவர் தொட்டதே இல்லை.

போன வாரம், நூலகர் தேநீர் குடிக்கப் போன நேரம் பார்த்து அலமாரியைத் திறந்தார். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுவது என்றே வந்திருந்தார். ஓரத்தைப் பிடித்தபோது வெளியே செருப்புச் சத்தம் கேட்டு உயிரே போய்விட்டது. யாரோ அந்த வழியே கடந்து போனார்கள். மறுபடி குனிந்தார். பாட்டின் அடியில் ‘இயற்றியவர்’ இல்லை. ‘தொகுத்து அனுப்பியவர்’ என்று அச்சாகியிருந்தது.

அப்படியானால் தமிழம்மாவுக்குத் தெரியும்! பயம் போகவில்லை, இரட்டிப்பானது. பதினெட்டு ஆண்டுகளாக ஒரே ஆசிரியர் அறையில் உங்கள் எதிரே அமர்ந்து, பார்த்து எழுதிய பிள்ளைகளை அவர் வறுத்தெடுத்ததை எல்லாம் கேட்டுக்கொண்டுதானே இருந்தீர்கள்! கிழிக்காமல் மலரைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வந்து நின்றார். அந்தப் பக்கத்தைத் திறந்து நீட்டினார்.

“பன்னெண்டு வயசுல தலை நரைக்குமாப்பா?” என்று கேட்டீர்கள்.

அப்போதுதான் அவர் பாட்டைப் படித்தார். ‘நரைத்த என் தலையை நனைக்கும் மழையே’ என்றல்லவா அது தொடங்குகிறது!

அன்றே ஏன் கேட்கவில்லை என்றார். கேட்டால் பிள்ளை மிரண்டு பேனாவையே தொடமாட்டான் என்று நினைத்ததாகச் சொன்னீர்கள்.

“நீங்க கேக்காமலேயே தொடலைம்மா. கணக்குப் பக்கம் ஓடிட்டேன்.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். ஒவ்வோர் ஆண்டும் அவன் சொந்தமாக ஏதாவது தருவான் என்று காத்திருந்ததையும், நாமே ஒரு பிள்ளையைப் பயமுறுத்திவிட்டோமோ என்ற அச்சம் உங்களுக்குள்ளும் இருந்ததையும் அன்றுதான் சொன்னீர்கள். பிறகு, “இனிமே மலரும் இல்ல, நானும் இல்ல. இந்த மடலையாவது நீயே எழுதிக் குடுப்பா” என்றீர்கள்.

எழுதிவிட்டார். ஐந்து இரவு உறங்கவில்லை. அந்த மலர் இதோ அம்மேசையில், அதே பக்கம் திறந்து கிடக்கிறது. பிள்ளைகளே, போய்ப் பாருங்கள். இனி அவரை எப்படிக் கூப்பிடுவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

அம்மையே! மூட்டுவலி முழுதாய் விலகி, உறக்கம் உரிய நேரத்தில் வந்து, திருத்த ஒரு தாளும் இல்லாத காலைகள் உங்களுக்குப் பல்லாண்டு விடியட்டும். நீங்கள் இல்லாத அந்த நாற்காலியை நினைத்தால் எங்களுக்குத்தான் அச்சமாக இருக்கிறது.

என்றும் உங்கள் அன்பை மறவாத
ஆசிரியர்களும் அலுவலர்களும்

இயற்றியவர்: கணக்காசிரியர்
(இப்போது உண்மையாகவே தலை நரைத்தவர்)