அழகுபாண்டி சொன்ன பொய்

எனக்கு ஆட்டுக்கறியில் நெஞ்செலும்பு என்றால் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். இதை எதற்குச் சொல்கிறான் என்று நினைக்காதீர்கள் ஐயா. ஆரம்பத்திலிருந்து சொல் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். எனக்குத் தெரிந்த ஆரம்பம் அதுதான்.

என் தங்கை பாண்டீஸ்வரிக்குக் கல்யாணமாகி வந்த தலைத்தீபாவளி. அம்மா சட்டியைத் துழாவி, நெஞ்செலும்பாகப் பார்த்து எடுத்து மாப்பிள்ளை இலையில் வைத்தாள். மாப்பிள்ளைக்கு வைப்பதுதான் முறை. எனக்கும் முறை தெரியும். ஆனால் மாப்பிள்ளை அழகுபாண்டி அதை அப்படியே எடுத்து என் இலையில் வைத்தான். "மச்சானுக்குத்தான் இது பிடிக்கும்னு ஈஸ்வரி சொல்லிச்சு" என்றான். அம்மாவுக்கு முகம் பூரித்துப்போனது. "பாத்தியாடா சுருளி, எம்புட்டுக் குணம்னு." நான் அதைத் தின்றேன். ருசி தெரியவில்லை.

அவனைக் கெட்டவன் என்று நான் எங்கேயும் சொன்னதில்லை. இன்றும் சொல்ல மாட்டேன். கெட்டவனாக இருந்திருந்தால் விஷயம் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

திருமங்கலத்தில் ஒரு டிராக்டர் பட்டறையில் கிடந்தவனை எங்கள் கம்பெனியில் சேர்த்துவிட்டவன் நான். எங்களுடையது பெரிய இரும்பு வேலை. காற்றாலை, சர்க்கரை ஆலை, சிமெண்டு ஆலை, இவற்றுக்கான சாமான்கள் வரும். சாதாரண லேத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள், அதில் இரும்பு படுத்தபடி சுற்றும். எங்களுடையது செங்குத்து லேத். கல்யாண மண்டபத்து மேடை அகலத்துக்கு ஒரு வட்ட இரும்பு டேபிள் தரையை ஒட்டிக் கிடக்கும். கடைய வேண்டிய இரும்பை ஜாப் என்போம். அதைக் கிரேனில் தூக்கி டேபிளில் இறக்கினால், டேபிள் சுற்றும், மேலிருந்து டூல் இறங்கிச் சீவும். கம்பெனியில் அந்த மெஷின் என்றால் சுருளி, சுருளி என்றால் அந்த மெஷின். அப்படித்தான் இருந்தது.

பிறகு புது மெஷின் வந்தது. கடைசல் மட்டுமில்லை, துளை போடுவது, பள்ளம் எடுப்பது எல்லாவற்றையும் ஜாப்பை இறக்காமலே அதுவே செய்துவிடும். எங்கள் இருவரையும்தான் பழகுவதற்கு அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் மேனேஜர் ஜெயராம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சுருளிண்ணே, புது மெஷினை உங்க மாப்பிள்ளை பாக்கட்டும். நீங்க பழசுலயே இருங்க. ஜாப் ஏத்துறப்ப அவருக்குக் கூடமாட ஒத்தாசையா இருந்தாப் போதும்."

சரி என்றேன். அன்று சாயங்காலமே அழகுபாண்டி திருநகரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிட்டான். "மச்சான், எனக்கு வேணாம்னுதான் சொன்னேன். மச்சானுக்குக் குடுங்கன்னு மல்லுக்கட்டிப் பாத்தேன், கேக்க மாட்டேங்குறாக" என்றான். சும்மா பேச்சுக்குச் சொல்கிறான் என்று நினைத்து ஜெயராம் சாரிடம் விசாரித்தேன். நிஜமாகவே மல்லுக்கட்டியிருக்கிறான். அது பொய்யாக இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மெஷினைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருவார்கள். அவனை நிறுத்திப் படம் எடுப்பார்கள். அவன் என் கையைப் பிடித்து இழுப்பான். "எல்லாம் எங்க மச்சான் காட்டிக்குடுத்த தொழிலு சார்" என்பான். கேட்பவர்கள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள், அவனுடைய அடக்கத்தைத்தான் மெச்சுவார்கள். அப்படி ஒரு படத்தை என் மனைவி தாமரைச்செல்வி போனில் ஸ்டேட்டஸ் வைத்திருந்தாள், 'எங்க அண்ணே' என்று. படத்தின் ஓரத்தில் ஒரு தோள் தெரிந்தது. அது என் தோள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

இதற்கெல்லாம் யாராவது ஒரு மனிதனை வெறுப்பார்களா என்று கேட்பீர்கள். நான் வெறுக்கவில்லை. அவன் பேச்சு எடுபடாத ஒரு இடமாவது உலகத்தில் இருக்க வேண்டும் என்று மட்டும் நினைத்தேன்.

அன்று மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. காற்றாலைக்கான பெரிய வளையம் ஒன்றை டேபிளில் இறக்கியிருந்தோம். அதன் சுவரே ஆள் மார்பளவுக்கு இருக்கும். அது சரியாக நடுவில் உட்கார்ந்திருக்கிறதா என்று ஒருவர் வளையத்துக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும். இன்னொருவர் வெளியே பேனலில் நின்று, உள்ளே இருப்பவர் சொன்னால் மட்டும் பொத்தானை அழுத்தி, செக்குமாடு நடக்கிற வேகத்தில் டேபிளைத் திருப்ப வேண்டும். அந்தப் பேனலில் என்னைத் தவிர வேறு யாரையும் அவன் நிற்கவிட மாட்டான். "மச்சான் நின்னாத்தான் எனக்குத் தைரியம்" என்பான்.

மெஷினைச் சுற்றிக் கூண்டு மாதிரி அடைப்பு உண்டு. அதன் கதவு திறந்திருந்தால் டேபிள் வேகமெடுக்காது, மெல்லத்தான் திரும்பும். கதவில் நாக்கு மாதிரி ஒரு தகடு இருக்கிறது. அது பூட்டுக்குள் போனால்தான் மெஷின் வேகத்துக்குச் சம்மதிக்கும். அதே மாதிரி வேறொரு தகட்டை உள்ளே சொருகிவிட்டால், கதவு மூடியிருக்கிறது என்று மெஷின் நம்பிவிடும். அன்று கதவு திறந்திருந்தது. பூட்டுக்குள் ஒரு தகடும் இருந்தது.

'சுத்துங்க மச்சான்' என்று குரல் வந்தது, அழுத்தினேன், முந்தின ஜாப்புக்கு வைத்த வேகம் பேனலில் அப்படியே இருந்ததைக் கவனிக்கவில்லை என்று விசாரணையில் சொன்னேன். அவன் சொன்னது 'இருங்க மச்சான்.' எனக்குக் காது நன்றாகவே கேட்கும் ஐயா.

டேபிள் வேகம் எடுத்தது. நிறுத்துகிற சிவப்புப் பொத்தான் என் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் அவன் முகம் என் பக்கம் வந்து போனது. முதலில் பயம் இருந்தது. அடுத்து என்னைத் தேடியது. அதற்கப்புறம் என் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தது. பார்த்தபின் அவன் கத்தவில்லை, வளையத்தின் சுவர்மேல் ஏறி வெளியே தாவப் பார்த்தான். வளையத்தை அதுவரை இறுக்கியிருக்கவில்லை. அது நகர்ந்து வந்து மெஷின் தூணில் மோதியது. வளையத்துக்கும் தூணுக்கும் நடுவில் அவன் இருந்தான்.

அப்போதுதான் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். ஓடி வந்தவர்கள் கண்ணில் பட்டது அதுதான். "சுருளிண்ணே மட்டும் சட்டுனு நிப்பாட்டலைன்னா ஆளு அங்கயே போயிருப்பாரு" என்று கிரேன் ஓட்டுகிற பால்பாண்டி எல்லோரிடமும் சொன்னான்.

மறுநாள் வரை ஆஸ்பத்திரியில் அவனுக்கு உயிர் இருந்தது, நினைவும் இருந்தது. உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் வந்து கேட்டபோது நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். எதற்கும் தயாராகத்தான் நின்றேன். அவன் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான். "சுத்தச் சொன்னது நாந்தான். பூட்டுல தகட்டச் சொருகினதும் நாந்தான். மச்சானுக்கு ஒண்ணும் தெரியாது."

சொல்லும்போது என்னை ஒரு தரமாவது பார்ப்பான் என்று காத்திருந்தேன். அவன் பார்க்கவில்லை.

காரியம் முடிந்த பிறகு பாண்டீஸ்வரி என்னிடம் வந்தாள். அழுது அழுது குரலே போயிருந்தது. "அண்ணே, நீ மனசு ஒடிஞ்சு போயிராத. எனக்கப்புறம் ஒனக்கும் பிள்ளைக்கும் மச்சான்தான், அவரை யாரும் ஒரு சொல்லு சொல்லிறக் கூடாதுன்னு சாகுறதுக்கு முன்னாடி அவுக படிச்சுப் படிச்சுச் சொன்னாக." சொல்லிவிட்டு என் கையில் காப்பியைக் கொடுத்தாள்.

புது மெஷினை எனக்கே கொடுத்தார்கள். பக்கத்துத் தூணில் அவன் படத்தை மாலை போட்டு மாட்டியிருக்கிறார்கள். ஷிப்டு ஆரம்பிக்கும்போது பையன்கள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். நான் ஓட்டுகிற மெஷினுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'அழகண்ணே மெஷின்'. இரங்கல் கூட்டத்தில் ஜெயராம் சார், "சாகப்போற நேரத்துலயும் அடுத்தவங்க மேல பழி போடாத மனுஷன்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். எல்லோரும் அழுதார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து நானும் அழுதேன்.

சற்று முன் நீங்கள் கேட்டீர்கள். "வழக்கு முடிஞ்சுபோச்சு. உன்னை யாரும் தேடல. இப்ப வந்து இதைச் சொல்றியே, உன் தங்கச்சியை நெனச்சுப் பாத்தியா?" என்று. நினைத்தேன் ஐயா. அவளுக்காகவும்தான் வந்தேன். தன் புருஷன் வாய் கூசாமல் பொய் சொல்லிவிட்டுச் செத்தான் என்பது அவளுக்குத் தெரிய வேண்டாமா? போலீஸிடமே பொய் சொன்னவனைச் சாமியாக்கி மாலை போட்டிருக்கிறார்கள். இதை ஒருத்தராவது கேட்க வேண்டாமா?

மனசு உறுத்தி வந்தேன் என்று எழுதிவிடாதீர்கள். நான் நன்றாகத்தான் தூங்குகிறேன். நான் சொல்கிறபடி எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தகடு நான் செய்தது. கதவுத் தகட்டை அளவெடுத்து, வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து அரத்தால் ராவி ராவி, பிசிறு இல்லாமல் இழைத்தேன். சம்பவத்துக்கு முந்தின வாரமே சொருகிப் பார்த்து, பொருந்துகிறது என்று தெரிந்ததும் எடுத்து வைத்துக்கொண்டேன். அவ்வளவு விலை கொடுத்து வாங்கின மெஷினே அதை நம்பியது. அது என் கைவேலை. அவன் விரல்கூட அதில் பட்டதில்லை. அதையும் நாந்தான் செஞ்சேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

பொறாமை என்று நினைக்காதீர்கள் ஐயா. யார் செய்த வேலை யார் பேரில் இருக்கிறது என்பதில் ஒரு நியாயம் வேண்டும், அவ்வளவுதான்.