முகம் பாராத கேள்வி

— மெல்லக் கதையுங்கோ, தேவராசா அண்ணை. ஜன்னல் திறந்து கிடக்கு.

— சாத்திப்போட்டன் மாஸ்ரர். றோட்டிலையும் ஒருத்தரும் இல்லை. மீன் குடுக்க வந்த மாதிரித்தான் வந்தனான்... இந்தக் கூடையை எங்கை வைக்க?

— மேசையிலை வையுங்கோ. என்ன மீன்?

— விளைமீன்... கனிசியஸ் மாஸ்ரர், இந்த நேரத்திலையும் மீனைப் பற்றியே கேக்கிறியள்?

— வேறை என்ன செய்ய அண்ணை. எதையெண்டாலும் கதைச்சால் கொஞ்சம் மறக்குது.

— எப்ப வரச் சொன்னவங்கள்?

— கோயிலிலை பின்னேர மணி அடிக்க முன்னம் இயக்கத்தின்ரை முகாமுக்கு வரட்டாம். ரெண்டு பெடியள் சைக்கிளிலை வந்து சொன்னவை. மரியாதையாத்தான்... 'சேர், ஒரு சின்ன விசாரணை' எண்டவை.

— சின்ன விசாரணை... சந்தியிலை லைற்போஸ்ற்றோடை கட்டித் துவக்காலை அவங்கள் சுட்ட ஆளையும் அப்பிடிச் சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனவங்கள்.

— அது வேண்டாம் அண்ணை.

— நான் பாத்தனான் மாஸ்ரர். வலையையும் கட்டிக்கொண்டு அந்தச் சந்தியாலைதான்...

— வேண்டாமெண்டுறன்.

— சரி, சரி. நீங்கள் உந்த ரியூட்டரியிலை அப்பிடி என்னத்தைப் படிப்பிச்சுத் துலைச்சனீங்கள்?

— ஏ.எல். பாடம்தான். கிரேக்க உரோம நாகரிகம். அதிலை சோக்கிரட்டீஸ் எண்டு ஒராள். ஏதென்ஸ் எண்ட ஊரிலை பெரிய பெரிய ஆக்களை மறிச்சு வைச்சுக் கேள்வி கேட்டவர். நீதி எண்டால் என்ன... உமக்கு அது உண்மையாத் தெரியுமோ, இல்லாட்டித் தெரிஞ்ச மாதிரி நடக்கிறீரோ எண்டு.

— எங்கை நிண்டு கேட்டவர்?

— சந்தையிலை, சந்தியிலை.

— பேந்து?

— பிடிச்சு விசாரிச்சு, நஞ்சு குடுத்துச் சாகடிச்சுப்போட்டினம்.

— அந்தக் காலத்திலையே சந்தியிலை நிக்கக்கூடாது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையோ அவருக்கு...

— சிரிக்க வையாதேங்கோ அண்ணை.

— இதைப் படிப்பிச்சதுக்கே கூப்பிட்டவங்கள்?

— இல்லை. பாடத்திலை ஒரு வாதம் வரும். நீதி எண்டு ஒண்டு தனியா இல்லை, பலமுள்ளவன் தனக்கு வசதியாச் சொல்லுறதுதான் நீதி எண்டு. அதை விளங்கப்படுத்திப்போட்டு, கேள்வி இருக்கோ எண்டன். பின்னுக்கு இருந்து ஒரு குரல்... 'அப்ப துவக்கு வைச்சிருக்கிறவை பிழை விட்டால், அவையை ஆர் சேர் விசாரிக்கிறது?'

— நீங்கள் என்ன சொன்னனீங்கள்?

— நல்ல கேள்வி எண்டன்.

— ஐயோ மாஸ்ரர்...

— பழக்கதோசம் அண்ணை. ஆர் கேட்டாலும் அப்பிடித்தான் சொல்லுறனான். வாயிலை வந்திட்டுது.

— இப்ப அவங்களுக்கு என்ன வேணுமாம்?

— கேட்ட ஆளின்ரை பேர். சொன்னால் என்னை விட்டிடுவினமாம்.

— மாஸ்ரருக்கு... ஆளைத் தெரியுமோ?

— தெரியாது. கேள்வி நேரம் நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நிக்கிறனான். வாத்தியின்ரை முகத்தைப் பாத்துக் கேக்கப் பெட்டையளுக்கு வெக்கம். முதுகைக் கண்டால் வாய் திறக்குங்கள். நான் ஒருத்தரையும் பாக்கேல்லை. அங்கையும் இதைத்தான் சொல்லுவன்.

— முன்னுக்கு இருந்த பெடியள் பாத்திருப்பாங்களே?

— பெட்டையளின்ரை பக்கம் திரும்பினால் வெளியிலை விட்டிடுவன் எண்டு சட்டம் போட்டு வைச்சிருக்கிறன். திரும்பியிருக்க மாட்டாங்கள். பக்கத்திலை இருந்ததுகள் இன்னும் வாய் திறக்கேல்லை.

— அடிச்சுக் கேட்டால்... நீங்கள் தாங்குவியளோ?

— அதுதான் எனக்கு உண்மையாத் தெரியாது அண்ணை. என்னை இதுவரைக்கும் ஒருத்தரும் அடிச்சதில்லை.

— அப்ப ஓடுங்கோ. என்ரை வள்ளம் எஞ்சினோடை ஆயத்தமா நிக்குது. பொழுதுபட வெளிக்கிட்டால், மண்டைதீவு நேவிக்குத் தப்பினால், விடிய இராமேஸ்வரம்.

— நான் ஓடினால் வகுப்பிலை கை வைப்பாங்கள். ஒவ்வொருத்தியாக் கூப்பிடுவாங்கள்.

— அதைப் பேந்து பாப்பம். முதல் நீங்கள் வெளிக்கிடுங்கோ.

— அந்தச் சோக்கிரட்டீசுக்கும் இப்பிடித்தான்... சிறையிலை சிநேகிதர் வந்து, எல்லாம் ஒழுங்கு பண்ணியாச்சு, வா ஓடுவம் எண்டு கெஞ்சினவை. மாட்டன் எண்டிட்டார்.

— ஏனாம்?

— ஓடினால் இவ்வளவு காலமும் கதைச்சதெல்லாம் பொய்யாப் போமாம்.

— உதையும் பிள்ளையளுக்குச் சொன்னனீங்களோ?

— ஓம். அதைத்தான் திறமாப் படிப்பிச்சனான். கண்ணைத் துடைச்சதுகளும் இருக்கு.

— அந்தாளைப் போலைதான் நீங்களும் நிக்கப் போறியளோ மாஸ்ரர்?

— எனக்கேது அந்தத் தைரியம்? பயம் அண்ணை, வெறும் பயம். ஆனால் நான் போனால், இண்டைக்கு இரவு முழுக்க என்னோடைதான் மினைக்கெடுவாங்கள். அதுக்குள்ளை ஒரு வள்ளம் போயிடும்.

— ஆரின்ரை வள்ளம்?

— உங்கடை வள்ளம்தான்.

— என்ரை வள்ளமோ... அதிலை ஆர்?

— தவக்காலத்திலை கோயிலிலை தனியா நிண்டு பாடுற குரல் அது. முதுகு காட்டி நிண்டாலும் காது கேக்கும்தானே. யசிந்தா எண்டு அந்த நிமிசமே தெரியும். உங்களுக்கும் தெரிஞ்சுதான் மீனோடை வந்தனீங்கள். நான் உங்கடை மகளின்ரை பேரைச் சொல்லிப்போடுவன் எண்ட பயம்.

— அந்தப் பயமும்தான் மாஸ்ரர்... குறை நினையாதேங்கோ.

— என்னத்தைக் குறை நினைக்க. எனக்கும் அதே பயம்தான். கெதியாப் போங்கோ அண்ணை, பொழுதுபட முன்னம் பிள்ளையை ஏத்துங்கோ.

— அதுக்கு மட்டும் வரேல்லை மாஸ்ரர். நீங்கள் ஓடிட்டியள் எண்டு கேள்விப்பட்டால் அவளும் வள்ளத்திலை ஏறுவள் எண்டுதான் வந்தனான். காலமையிலை இருந்து மீன்வாடிக்குள்ளை வைச்சுக் கெஞ்சிறம், தாய் காலைப் பிடிச்சு அழுகிறாள்... ஓடினால் கேட்ட கேள்வி பொய்யாப் போமாம், மணி அடிக்க முன்னம் தானே முகாமுக்குப் போய்ச் சொல்லப்போறாளாம். நீங்கள்தானாம் படிப்பிச்சனீங்கள்.