வாசத்துக்கு ஒரு டீ

போடிமெட்டிலிருந்து இறங்கிய ஜீப்பு டீக்கடை முன்னால் நின்றது. எனக்கு எதிரே ஒரு வயதான கணவனும் மனைவியும் இருந்தார்கள். அவருக்குக் கிட்னி பழுதாகி, டயாலிசிஸ் செய்யத் தேனிக்குப் போகிறார்கள் என்று பேச்சிலிருந்து தெரிந்தது.

“நீ டீ குடி. நான் வாசம் பிடிச்சுக்கிறேன்” என்றார் அவர்.

“உங்களுக்குத் தண்ணியே அளவுதான். நான் மட்டும் எப்படிங்க குடிக்கிறது?”

“எனக்காக ஆறு மாசமா நீயும் டீய விட்டுட்ட. அதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு.”

அந்த அம்மா தயங்கித் தயங்கி ஒரு டீ வாங்கி, மெதுவாகக் குடித்து முடித்தார்.

“எப்படி இருக்கு?”

“நல்லாவே இல்லங்க. வெறும் வெந்நி.”

“பெறகு எதுக்குக் கண்ண மூடிக்கிட்டுக் குடிச்ச?”

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“நாளையிலருந்து வீட்டுலயும் போட்டுக் குடி” என்றார் அவர்.